1789: மேடிசனா, மன்றோவா? வர்ஜீனியா ஐந்தாம் தொகுதியும் 336 ஓட்டும்

#1 ஓலைச்சுவடி

பக்கத்து இழையில் 1800 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிப் பேச்சு ஓடியபோது ஒரு நண்பர், "அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் சம்பிரதாயம்தான், வாஷிங்டனை எதிர்த்து யார் நிற்கப்போகிறார்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். அதிபர் பதவியைப் பொறுத்தவரை சரி. காங்கிரஸ் என்ற அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு அப்படி இல்லை.

1789 பிப்ரவரி 2 அன்று வர்ஜீனியாவின் ஐந்தாம் தொகுதியில் நடந்ததைப் பாருங்கள். ஒரு பக்கம் ஜேம்ஸ் மேடிசன், வயது 37, அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் முன்வரிசை. எதிரே ஜேம்ஸ் மன்றோ, வயது 30, விடுதலைப் போரின் ட்ரெண்டன் சண்டையில் குண்டடி பட்டவர், அப்போது ஃபிரடெரிக்ஸ்பர்க்கில் வக்கீல். இருவரும் நண்பர்கள். நியூயார்க்கின் மோஹாக் பள்ளத்தாக்கில் கூட்டாக நிலம்கூட வாங்கிப்போட்டிருந்தார்கள். பிற்பாடு ஒருவர் நாட்டின் நான்காவது அதிபர், இன்னொருவர் ஐந்தாவது.

தொகுதியில் எட்டு கவுண்டிகள், நம் மாவட்டம் மாதிரி. முதல் எண் மேடிசனுக்கு, அடுத்தது மன்றோவுக்கு:

ஆரஞ்சு 216 – 9
கல்பெப்பர் 256 – 103
லூயிசா 228 – 124
ஆல்பமார்ல் 174 – 105
கூச்லாந்து 132 – 133
ஃப்ளுவானா 42 – 63
ஸ்பாட்சில்வேனியா 115 – 189
ஆம்ஹர்ஸ்ட் 145 – 246

மொத்தம் 1308 – 972. வித்தியாசம் 336.

இது இழுபறியான தேர்தல் என்பது என் கட்சி. மேடிசன் இதில் தோற்றிருந்தால் இன்று உலகமே மேற்கோள் காட்டும் அந்த உரிமைச் சாசனம் (அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள்) இந்த வடிவில் வந்திருக்காது என்பதும்தான். மறுப்பவர்கள் வரலாம்.

#2 கணக்கர்

வந்துவிட்டேன். மொத்தம் 2280 ஓட்டு. மேடிசனுக்கு 57 சதவீதத்துக்குச் சற்று மேல், மன்றோவுக்கு 43க்குச் சற்றுக் கீழ். கிட்டத்தட்ட 15 சதவீத இடைவெளி. இதை இழுபறி என்றால் வேட்பாளரே சிரிப்பார்.

நிஜ இழுபறி வேண்டுமென்றால் ஜார்ஜியாவுக்குப் போங்கள். 1791இல் ஆந்தனி வேய்னும் ஜேம்ஸ் ஜாக்சனும் மோதியது. வேய்ன் ஜெயித்ததாக அறிவித்தார்கள், ஜாக்சன் முறைகேடு என்று சபையிலேயே முறையிட்டார். 1792இல் சபை வேய்னை வெளியே அனுப்பியது, ஆனால் நாற்காலியை ஜாக்சனுக்கும் தரவில்லை. மறுதேர்தலில் மூன்றாவதாக ஜான் மில்லெட்ஜ் வந்து உட்கார்ந்தார். அது அல்லவா போட்டி.

#3 ஓலைச்சுவடி

கணக்கர் சார், முடிவு வந்த பிறகு சதவீதம் போடுவது எளிது. ஜனவரியில் வர்ஜீனியாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன தெரிந்தது என்று பாருங்கள்.

1788 ஜூனில் ரிச்மண்டில் ஒப்புதல் மாநாடு. அரசியலமைப்பை ஏற்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. 89 – 79 என்று மயிரிழையில் ஏற்றார்கள். எதிர்த்த அணிக்குத் தலைவர் பேட்ரிக் ஹென்றி. மாநாட்டில் தோற்றாரே தவிர மாநிலச் சட்டமன்றம் அவர் கைக்குள்தான் இருந்தது. அப்போது செனட்டர்களை, அதாவது காங்கிரசின் மேலவை உறுப்பினர்களை, தேர்ந்தெடுப்பது மாநிலச் சட்டமன்றம். நவம்பரில் அங்கே நடந்த ஓட்டெடுப்பில் ரிச்சர்ட் ஹென்றி லீக்கு 98, வில்லியம் கிரேசனுக்கு 86, மேடிசனுக்கு 77. இரண்டு இடம், மேடிசன் மூன்றாவது. போன இருவருமே அரசியலமைப்பை எதிர்த்தவர்கள். மேடிசனைத் தேர்ந்தெடுத்தால் நாட்டில் ரத்த ஆறு ஓடும் என்கிற அளவுக்கு ஹென்றி பேசினார் என்று ஒரு கடிதம் சொல்கிறது. பேச்சை நேரில் குறித்துக்கொண்டவர் யாருமில்லை, கேட்டவர் சொன்னதுதான்.

செனட் கதவு மூடியாயிற்று. மிச்சம் பிரதிநிதிகள் சபை. அதற்கும் ஹென்றி அணி இரண்டு கொக்கி போட்டது. ஒன்று, தொகுதியில் பன்னிரண்டு மாதம் குடியிருந்தவர்தான் நிற்கலாம் என்ற சட்டம். மேடிசன் தனக்குச் சாதகமான வேறு தொகுதிக்குப் போக வழியில்லை. இன்னொன்று, அவருடைய ஆரஞ்சு கவுண்டியைச் சுற்றி எதிரிக் கவுண்டிகளைச் சேர்த்துத் தொகுதி வரைந்தது.

மேடிசன் அப்போது நியூயார்க்கில், காங்கிரஸ் கூடும் ஊர் அதுதான். வீடு வீடாக ஓட்டுக் கேட்பது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அதை வாஷிங்டனுக்கே எழுதியிருக்கிறார். மூல உபாதை வேறு, வண்டிப் பயணமே வேதனை. ஊர் நண்பர்கள், "வராவிட்டால் தோல்விதான்" என்று கடிதத்துக்கு மேல் கடிதம். கடைசியில் டிசம்பரில் கிளம்பி, மவுண்ட் வெர்னானில் வாஷிங்டன் வீட்டில் சில நாள் தங்கிவிட்டு ஊர் சேர்ந்தார். 57 சதவீதம் நிச்சயம் என்று தெரிந்தவர் இந்தப் பாடு படுவாரா?

#4 மலைக்கோட்டை

"விடுதலை கொடு, இல்லையேல் சாவைக் கொடு" ஹென்றிதானே இவர்? தேசபக்தர் தொகுதி வெட்டும் வேலையும் பார்த்தாரா!

#5 வழக்காடி

அந்தத் தொகுதி வெட்டுக் கதையில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஓலைச்சுவடி ஐயா சொன்னதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. மேடிசனின் ஆட்களும் அப்போதே அப்படித்தான் புலம்பினார்கள். ஆனால் வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள். எட்டும் ஒட்டியிருக்கும் கவுண்டிகள். எந்தக் கவுண்டியையும் பிளக்கவில்லை, வாலும் கொம்பும் முளைக்கவில்லை. 1812இல் மாசசூசெட்ஸில் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஆளுநராக இருந்தபோது மாநில செனட்டுக்கு வரைந்தார்களே, குறைந்த ஓட்டு வாங்கிய கட்சிக்கு 29 இடமும் அதிக ஓட்டு வாங்கிய கட்சிக்கு 11 இடமும் கிடைத்தது, அதுதான் அசல் வெட்டு. அதோடு ஒப்பிட்டால் இது சாது.

குடியிருப்புச் சட்டத்தைப் பற்றி மறுப்பு இல்லை. அரசியலமைப்பு கேட்பது 25 வயது, ஏழு ஆண்டுக் குடியுரிமை, மாநிலத்தில் வசிப்பது, இவ்வளவுதான். தொகுதிக்குள்ளேயே ஓராண்டு இருந்திருக்க வேண்டும் என்பது வர்ஜீனியா தானாகச் சேர்த்த நிபந்தனை. இன்றைக்கு நீதிமன்றத்தில் நிற்காது. அன்றைக்கு வழக்குப் போட முதலில் கூட்டாட்சி நீதிமன்றம் இருக்க வேண்டுமே!

ஆனாலும் ஓர் எண் ஹென்றிக்கு எதிராகப் பேசுகிறது. இந்த எட்டு கவுண்டிகளிலிருந்து ஒப்புதல் மாநாட்டுக்குப் போனவர்கள் பதினாறு பேர், கவுண்டிக்கு இருவர். ஆரஞ்சும் ஆல்பமார்லும் முழுக்க ஆதரவு. லூயிசா ஆளுக்கொரு பக்கம். மற்ற ஐந்தும் முழுக்க எதிர்ப்பு. அதாவது 5 – 11. மன்றோவே ஸ்பாட்சில்வேனியாவிலிருந்து போய் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்தான். உருவம் ஒழுங்காக இருந்தாலும் உள்ளடக்கம் மேடிசனுக்குப் பாதகம்.

#6 கணக்கர்

இப்போது சுவாரசியம். கல்பெப்பரின் இரு பிரதிநிதிகளும் எதிர்த்தவர்கள், ஆனால் ஏழே மாதம் கழித்து அதே கவுண்டி மேடிசனுக்கு 256 – 103. அங்கே என்ன நடந்தது?

ஆரஞ்சையும் கல்பெப்பரையும் எடுத்துவிட்டுக் கூட்டினேன். மீதி ஆறு கவுண்டிகளில் மேடிசன் 836, மன்றோ 860. மன்றோ 24 ஓட்டு முன்னிலை! ஆக அந்த 336 முழுவதும் இரண்டு கவுண்டிகளிலிருந்து வந்தது. இழுபறி என்ற பேச்சில் கொஞ்சம் இடம் கொடுக்கிறேன்.

#7 மலைக்கோட்டை

ஆரஞ்சு அவர் சொந்த ஊர். அதை எடுத்துவிட்டுக் கணக்குப் போடுவது என்ன நியாயம் அண்ணா? எடுப்பதென்றால் மன்றோவின் ஸ்பாட்சில்வேனியாவையும் சேர்த்து எடுங்கள்.

#8 நெய்தல்

கல்பெப்பரில் என்ன நடந்தது என்பதற்கு நான் வருகிறேன். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வர்ஜீனியாவில் ஆங்கிலேயத் திருச்சபைதான் அரசு மதம். சபைக்கு எல்லோரும் வரி கட்ட வேண்டும். 1760களில் அந்தத் திருச்சபையில் சேராத கிறிஸ்தவப் பிரிவான பாப்டிஸ்ட் போதகர்கள் உரிமம் வாங்காமல் வயல்வெளியில், களத்துமேட்டில் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார்கள். பிடித்து உள்ளே போட்டார்கள். 1768இல் ஃபிரடெரிக்ஸ்பர்க் சிறையில் ஜான் வாலர், லூயிஸ் கிரெய்க் முதலானோர். அடுத்த ஆண்டு கல்பெப்பர் சிறையில் ஜேம்ஸ் அயர்லாந்து. அவர் ஜன்னல் கம்பி வழியாகப் பிரசங்கம் செய்தார், வெளியே கூட்டம் கூடியது. ஊர்களைக் கவனியுங்கள். இந்தத் தேர்தல் நடந்த அதே மண்.

கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த இளம் மேடிசன் 1774 ஜனவரியில் நண்பர் பிராட்ஃபோர்டுக்கு எழுதிய கடிதத்தில், பக்கத்துக் கவுண்டியில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் மதக் கருத்துக்காகச் சிறையில் கிடப்பதைச் சொல்லிக் கொதிக்கிறார். அப்போது அவருக்கு வயது 22. ஓட்டுக் கேட்கும் வேலையே இல்லாத காலம். மதபோதகர்களுக்கு வரிப்பணம் தரலாம் என்ற மசோதா வந்தபோது 1785இல் அதை எதிர்த்து விண்ணப்பம் எழுதியவரும் அவர்தான். மசோதாவைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? பேட்ரிக் ஹென்றி. அந்த மசோதா செத்து, 1786இல் ஜெபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டத்தை மேடிசன் நிறைவேற்றிக் கொடுத்தார்.

ஆக பாப்டிஸ்டுகளுக்கு மேடிசன் நெடுநாள் கூட்டாளி. ஆனால் புதிய அரசியலமைப்பில் மதச் சுதந்திரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று அவர்களுக்குப் பயம். அதற்குள் எதிரணி ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டது, மேடிசன் இந்தச் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்கிறார் என்று. சிறைக்குப் போன சமூகத்துக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

1789 ஜனவரி 2 அன்று ஜார்ஜ் ஈவ் என்ற பாப்டிஸ்ட் போதகருக்கு மேடிசன் கடிதம் எழுதுகிறார். சாராம்சம் இதுதான்: சட்டம் ஏற்கப்படும் முன் திருத்தம் கேட்பது ஆபத்து என்று எதிர்த்தேன், இப்போது நிலைமை மாறிவிட்டது. முதல் காங்கிரசே திருத்தங்களைத் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்ப வேண்டும். மனசாட்சிச் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம், ஜூரி விசாரணை, கண்டபடி சோதனையிடும் பொது வாரண்டுகளிலிருந்து பாதுகாப்பு, எல்லாம் அதில் வர வேண்டும். இதேபோல் தாமஸ் மான் ராண்டால்ஃபுக்கு எழுதியது பத்திரிகையிலும் வந்தது. ஈவ் அதோடு நிற்கவில்லை, சபைக்கூட்டத்தில் எழுந்து மேடிசனுக்காக வாதாடினார்.

#9 தூரதேசி

நான் இருப்பது வர்ஜீனியாவில். நெய்தல் அக்கா பாப்டிஸ்டுகளைச் சொல்லிவிட்டார், நான் லூத்தரன்களைச் சேர்க்கிறேன். கல்பெப்பரில் ஜெர்மன் குடியேறிகள் கட்டிய ஹெப்ரான் லூத்தரன் தேவாலயம் இன்றும் நிற்கிறது, 1740இல் கட்டிய மரக் கட்டடம். இன்று அது இருப்பது கல்பெப்பர் கவுண்டியில் இல்லை, மேடிசன் கவுண்டியில். 1792இல் கல்பெப்பரிலிருந்து பிரித்து இவர் குடும்பப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அங்கே ஜனவரியில் இரண்டு வேட்பாளர்களும் சேர்ந்தே போனார்கள். முதுமையில் மேடிசன் இதை நினைவு கூர்ந்திருக்கிறார். அந்த ஜெர்மன்காரர்கள் ஒட்டுமொத்தமாக ஒரே பக்கம் ஓட்டுப் போடுகிறவர்கள், தராசை எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடியவர்கள், அதனால் விடக் கூடாது என்று போனார்களாம். முதலில் வழிபாடு. அப்புறம் இரண்டு பிடில் வைத்துச் சங்கீதம். அது முடிந்ததும் வெளியே பனியில் ஜனங்களை நிற்க வைத்து இருவரும் அரசியலமைப்பு விவாதம் நடத்தினார்கள். கூட்டம் கலையாமல் பொறுமையாகக் கேட்டது. இரவில் பன்னிரண்டு மைல் குதிரையில் திரும்பும்போது மேடிசனுக்கு மூக்கில் பனிக்கடி. அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது, விருந்தினர்களுக்கு அதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார். நாட்டுக்காகப் போரில் காயம் படாத மனிதருக்கு அதுதான் வீரத்தழும்பு!

இந்த ஊர் ஜனவரிக் குளிரில் காரிலிருந்து கடைக்குள் நடப்பதற்கே எனக்கு அலுப்பு. நேரடி வரி பற்றிய விவாதத்தை நின்று கேட்ட அந்த ஜெர்மன் விவசாயிகளுக்கு ஒரு கும்பிடு.

#10 மலைக்கோட்டை

எல்லாம் சரி, ஆனால் இதை வாக்குறுதி அரசியல் என்றுதானே சொல்ல வேண்டும்? 1788 ஜூன் வரை உரிமைப் பட்டியல் தேவையில்லை என்று வாதாடியவர். நவம்பரில் செனட்டில் தோற்றார். ஜனவரியில் திருத்தம் அவசியம் என்கிறார். தேர்தல் நெருங்கியதும் ஞானம் பிறந்திருக்கிறது. உள்ளூரில் இதற்கு வேறு பெயர் வைத்திருப்போம்.

#11 ஓலைச்சுவடி

அப்படிச் சொல்பவர்கள் 1788 அக்டோபர் 17 தேதியிட்ட கடிதத்தைத் தாண்ட வேண்டும். பாரிசில் தூதராக இருந்த ஜெபர்சனுக்கு மேடிசன் எழுதியது. செனட் தோல்விக்கு மூன்று வாரம் முந்தையது. அதில், உரிமைப் பட்டியலுக்கு நான் எப்போதுமே ஆதரவுதான், ஆனால் அது இல்லாததைப் பெரிய குறையாக நினைத்ததில்லை என்கிறார். மாநிலங்களில் பெரும்பான்மை நினைத்தபோதெல்லாம் இந்தப் பட்டியல்களை மிதித்துப் போயிருக்கிறது, வெறும் காகிதத் தடுப்பு என்கிறார். ஆக, தேர்தலுக்கு முன்பே கொள்கையளவில் ஒப்புதல், ஆர்வம் மட்டும் இல்லை. ஜெபர்சன் 1787 டிசம்பரிலிருந்தே விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். உலகத்தில் எந்த அரசாங்கத்துக்கு எதிராகவும் மக்களுக்கு உரிய பாத்தியதை அது என்று எழுதியவர் ஜெபர்சன்.

#12 மலைக்கோட்டை

"ஆதரவுதான், ஆனால் அவசியமில்லை." அக்டோபரில் இது. ஜனவரியில், "முதல் காங்கிரசே செய்ய வேண்டும்." நடுவில் ஈவ் மாதிரி ஆட்கள் கையில் இருந்த ஓட்டு. நான் சொன்னதற்கும் நீங்கள் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை ஐயா.

#13 வழக்காடி

வித்தியாசம் இருக்கிறது. பிரச்சாரத்தில் கேட்கப்பட்டது இரண்டு வகைத் திருத்தம். ஒன்று உரிமைகள். இன்னொன்று, மத்திய அரசின் அதிகாரத்தையே குறைப்பது. மன்றோ அணிக்கு முக்கியம் இரண்டாவதுதான், அதிலும் காங்கிரசுக்கு நேரடி வரி போடும் அதிகாரம் இருக்கவே கூடாது என்பது. வெறும் வாக்குறுதி வியாபாரி என்றால் மேடிசன் அதற்கும் தலையாட்டியிருப்பார். நிலவரி என்றாலே முகம் சுளிக்கிற ஊர். ஆனால் தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஜனவரி 29 அன்று, ஃப்ளுவானாவில் இருந்த ஜார்ஜ் தாம்சனுக்கு நீளமாகக் கடிதம் எழுதி நேரடி வரி வேண்டும் என்று வாதாடுகிறார். ஃப்ளுவானா 42 – 63 என்று தோற்கடித்தது.

ஹென்றி அணி இன்னொன்றும் கேட்டது. திருத்தங்களுக்காக இரண்டாவது அரசியலமைப்பு மாநாடு. வர்ஜீனியா சட்டமன்றம் நவம்பரிலேயே அதற்குத் தீர்மானம் போட்டுவிட்டது. மேடிசன் உண்மையில் பயந்தது இதற்குத்தான். மாநாடு கூடினால் கட்டிய வீட்டை அஸ்திவாரத்தோடு பிரித்துவிடுவார்கள் என்று நினைத்தார். காங்கிரஸ் வழியாகத் திருத்தம் என்ற வாக்குறுதியில் மனசாட்சியும் இருக்கிறது, தந்திரமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க என்னால் முடியாது, அவசியமும் இல்லை.

#14 நெய்தல்

ஜெயித்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் எனக்கு அளவுகோல். பல வாக்குறுதிகள் எண்ணிக்கை முடிந்த அன்றே காணாமல் போகும். இவர் 1789 ஜூன் 8 அன்று சபையில் எழுந்து திருத்தங்களை முன்வைத்தார். அவர் கட்சிக்காரர்களே, "இப்போது எதற்கு, வரிச் சட்டம் கிடக்கிறது, நீதித்துறை கிடக்கிறது" என்றார்கள். விடவில்லை. ஆகஸ்டில் ஒரு நண்பருக்கு எழுதும்போது குமட்டல் எடுக்கும் வேலை என்றே சொல்லியிருக்கிறார், ஆனாலும் முடித்தார். சபை 17 திருத்தங்களை அனுப்ப, செனட் சுருக்கி 12 ஆக்கியது. மாநிலங்கள் 1791 டிசம்பர் 15க்குள் 10ஐ ஏற்றன. அந்தப் பன்னிரண்டில் ஒதுங்கிக் கிடந்த ஒன்று, காங்கிரஸ் உறுப்பினர் சம்பளம் பற்றியது, 1992இல்தான் உயிர் பெற்று இருபத்தேழாவது திருத்தம் ஆனது. அது தனிக் கதை.

ஒன்று மட்டும் அவருக்குப் பெரிய ஏமாற்றம். மனசாட்சி, பத்திரிகை, ஜூரி ஆகிய மூன்றையும் மாநில அரசுகளும் மீறக் கூடாது என்ற திருத்தத்தைத்தான் பட்டியலிலேயே மிக முக்கியமானது என்றார். செனட் அதைத் தூக்கி எறிந்தது. கல்பெப்பர் சிறையில் போதகர்களைப் போட்டது ஃபிலடெல்பியாவிலோ நியூயார்க்கிலோ உட்கார்ந்த மத்திய அரசு இல்லையே, உள்ளூர் மாஜிஸ்திரேட்தானே. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த ஷரத்து அது என்றே நான் படிக்கிறேன்.

#15 கீற்று

புதிதாக வந்தவன். ஒரு சின்னக் கேள்வி. எட்டு கவுண்டிக்கு வெறும் 2280 ஓட்டா? பனியால் யாரும் வரவில்லையா, அல்லது ஓட்டே அவ்வளவு பேருக்குத்தானா?

#16 தூரதேசி

இரண்டும். குளிர் கடுமை, நீதிமன்றம் இருக்கும் ஊருக்கு நேரில் வந்தாக வேண்டும், கவுண்டிக்கு ஒரே இடம். அதைவிடப் பெரிய காரணம் தகுதி. சொந்த நிலம் வைத்திருக்கும் வெள்ளை ஆண் மட்டும். சும்மா கிடக்கும் நிலமென்றால் 50 ஏக்கர், வீடு கட்டிய நிலமென்றால் 25 ஏக்கர். பெண்களுக்கு இல்லை, குத்தகைக்காரர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. 1790 மக்கள்தொகைக் கணக்கில் வர்ஜீனியாவில் 7,47,610 பேர். அதில் 2,92,627 பேர் அடிமைகள். இடங்களைப் பங்கிடும்போது அவர்களை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிக்கொண்டார்கள், ஓட்டுச்சாவடியில் எண்ணவில்லை. மேடிசன் குடும்பத்தின் மாண்ட்பிலியர் பண்ணை ஓடியதும் அவர்கள் உழைப்பில்தான். மனசாட்சிச் சுதந்திரம் பற்றிப் பேசும் இழையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆரஞ்சில் இருந்த பாப்டிஸ்ட் போதகர் ஜான் லீலண்ட் தன் சபைகளின் பொதுக்குழுவில் அடிமைமுறையைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தார். மேடிசன் அந்த அளவுக்குப் போகவில்லை.

அப்புறம், ரகசிய ஓட்டு கிடையாது. ஷெரிப் முன்னால் வந்து நின்று யாருக்கு என்று உரக்கச் சொல்ல வேண்டும், எழுத்தர் பெயருக்கு நேரே குறிப்பார். வேட்பாளரோ அவர் ஆளோ பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்வது வழக்கம். ஆரஞ்சில் மன்றோவுக்கு ஒன்பது பேர் என்றால் அந்த ஒன்பது பேர் யாரென்று அன்று மாலைக்குள் கவுண்டி முழுக்கத் தெரிந்திருக்கும்.

#17 கீற்று

அந்த ஒன்பது பேரின் தைரியத்தை மெச்சுகிறேன்.

#18 ஓலைச்சுவடி

ஆரஞ்சுக்காரர்கள் எப்போதும் மேடிசன் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1777இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்றபோது அதே ஊர் அவரைத் தோற்கடித்தது. தேர்தலன்று வேட்பாளர் செலவில் ஓட்டுக்காரர்களுக்குச் சாராயம் ஊற்றுவது மரபு. அது குடியரசுக்கு அழகில்லை என்று மேடிசன் ஊற்றவில்லை. எதிரே நின்ற சார்லஸ் போர்ட்டர் தாராளமாக ஊற்றினார், அவர் மதுக்கடைக்காரர் வேறு. முடிவைச் சொல்லவா வேண்டும். கஞ்சன், கர்வி என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம்.

#19 கணக்கர்

மலைக்கோட்டை தம்பி கேட்டதைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு சொந்தக் கவுண்டிகளையும் எடுத்துவிட்டால் மேடிசன் 977, மன்றோ 774. மேடிசன் 203 முன்னிலை. அதிலிருந்து கல்பெப்பரையும் எடுத்தால் 721 – 671. இன்னும் 50 முன்னிலை. அப்படிப் பார்த்தால் கல்பெப்பர் இல்லாமலும் மேடிசன் தப்பிக்கிறார். லூயிசாதான் கை கொடுக்கிறது. 1765இல் ஹென்றியைச் சட்டமன்றத்துக்கு முதலில் அனுப்பியதே லூயிசா. அதே ஊர் அவர் ஆளை 228 – 124 என்று கைவிட்டிருக்கிறது. எனக்கு இந்தத் தேர்தலில் பிடித்த எண் இது.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு, அதுதான் சரியான சோதனை என்று நினைக்கிறேன். கல்பெப்பர் தன் மாநாட்டுப் பிரதிநிதிகள் போன வழியிலேயே போயிருந்தால்? அதே 359 பேர் வந்து, எண்கள் மட்டும் இடம் மாறி 103 – 256 என்று விழுந்திருந்தால்? மொத்தம் மேடிசன் 1155, மன்றோ 1125. வித்தியாசம் 30. எட்டு கவுண்டியில் 16 பேர் மனம் மாறினால் போதும், மன்றோ நியூயார்க்குக்கு வண்டி ஏறியிருப்பார்.

ஜார்ஜ் ஈவ் கடிதமும் ஹெப்ரான் பிடிலும் இல்லாத தேர்தல் இந்த 30 ஓட்டுத் தேர்தல். ஓலைச்சுவடி ஐயா முதல் பாதியில் ஜெயித்துவிட்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள். உரிமைச் சாசனமே வந்திருக்காது என்ற இரண்டாம் பாதிக்கு இன்னும் ஆதாரம் வேண்டும்.

#20 வழக்காடி

இரண்டாம் பாதி கஷ்டம்தான். மன்றோ போயிருந்தாலும் திருத்தம் கேட்டிருப்பார், இன்னும் அதிகமாகவே. ஆனால் முதல் காங்கிரசில் அரசியலமைப்பை ஆதரித்த அணிக்குப் பெரும்பான்மை. எதிரணியின் இளம் வக்கீல் கேட்டு அவர்கள் கொடுத்திருப்பார்களா? மேடிசன் சொந்த அணியின் மூளை, வாஷிங்டனின் பதவியேற்பு உரையை எழுதிக் கொடுத்தவர் (அதற்குச் சபையின் பதிலையும் அவரேதான் எழுதினார், அந்தப் பதிலுக்கு வாஷிங்டனின் பதிலையும் அவரேதான் எழுதினார்!), அவர் தினமும் எழுந்து நச்சரித்ததால்தான் சலித்துப்போய் ஒப்புக்கொண்டார்கள்.

ஹென்றி தரப்புக்கும் வந்தது பிடிக்கவில்லை. நேரடி வரியைத் தொடாத திருத்தம் எதற்கு என்று வர்ஜீனியா மாநில செனட் இரண்டு வருடம் இழுத்தடித்தது. கடைசியில் அதே வர்ஜீனியா 1791இல் ஒப்புக்கொண்ட நாளில்தான் உரிமைச் சாசனம் நடைமுறைக்கு வந்தது.

#21 நெய்தல்

லீலண்ட் பெயர் வந்ததால் ஒன்று. முடிவு தெரிந்ததும் மேடிசனுக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார். என் உழைப்பால் வேறெதுவும் கிடைக்காவிட்டாலும் மேடிசனுக்கு ஓர் ஓட்டாவது நிச்சயம் கிடைத்தது என்று தன்னையே கேலி செய்துகொள்கிறார். கூடவே, மதச் சுதந்திரத்துக்கு எங்கே ஆபத்து வந்தாலும் எனக்கு உடனே தகவல் வர வேண்டும் என்று கண்டிப்பு. 1788இல் இவரும் மேடிசனும் மரத்தடியில் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு, அந்த இடத்தில் பூங்கா எல்லாம் வைத்திருக்கிறார்கள். கதையை நான் நம்பவில்லை, கடிதத்தை நம்புகிறேன். பிற்பாடு மாசசூசெட்ஸ் போய், 1802 புத்தாண்டன்று ஜெபர்சனுக்கு 1235 பவுண்டு எடையுள்ள பாலாடைக்கட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்த மனிதரும் இவர்தான்.

#22 மலைக்கோட்டை

நட்பு என்ன ஆயிற்று? சேர்ந்தே போய் ஒருவரையொருவர் எதிர்த்துப் பேசிவிட்டுத் திரும்பியவர்கள்.

#23 ஓலைச்சுவடி

கெடவில்லை. இருவருமே ஜெபர்சனுக்குத் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். மன்றோ, நண்பர்கள் வற்புறுத்தியதால் நின்றேன், அவரை வெளியே தள்ளியிருந்தால் எனக்கே வருத்தமாக இருந்திருக்கும் என்கிறார். மேடிசன், கொள்கை வேறு மனிதர் வேறு என்று பிரித்துக்கொண்டதால் நட்பு துளியும் குறையவில்லை என்கிறார். 1790இல் கிரேசன் இறந்த இடத்துக்கு மன்றோ செனட்டர் ஆனார், விரைவிலேயே இருவரும் நிதிச் செயலர் ஹாமில்டனுக்கு எதிராக ஒரே அணி.

நிஜமாகக் கசந்தது 1808இல். மன்றோ பிரிட்டனோடு போட்டுவந்த ஒப்பந்தத்தை அப்போதைய அதிபர் ஜெபர்சன் செனட்டுக்கே அனுப்பாமல் வைத்துவிட்டார். வெளியுறவுச் செயலர் மேடிசன். அந்தக் கோபத்தில், அதிபர் தேர்தலில் தன் பெயரில் வர்ஜீனியாவில் ஓர் அணி நிற்க மன்றோ விட்டுக்கொடுத்தார். அந்த முறை இழுபறி எதுவும் இல்லை, படுதோல்வி. கொஞ்ச காலம் பேச்சுவார்த்தை அறுந்தே போயிற்று. ஜெபர்சன் நடுவில் நின்று சமாதானம் பேசினார். 1811இல் அதிபர் மேடிசன் மன்றோவையே வெளியுறவுச் செயலர் ஆக்கினார்.

#24 கணக்கர்

1808 ஓட்டு கவுண்டி வாரியாக யாரிடமாவது இருந்தால் போடுங்கள், இந்த எட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேய்ன் – ஜாக்சன் வழக்குக்குத் தனி இழை திறக்கிறேன். வழக்காடி சார் கட்டாயம் வர வேண்டும், அங்கே சபை நீதிமன்றமாகவே உட்கார்ந்தது.